பிளக்கை மாற்றினால் பழைய வண்டி பறக்குமா?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்தான் அந்த அச்சாணி. சுண்டுவிரல் நீளமுள்ள அந்தச் சாமான் தகராறு செய்தால் எவ்வளவு பெரிய காரும் நடுத்தெருவில் நின்றுவிடும். ஆனால் அச்சாணியைத் தங்கத்தில் செய்து மாட்டினாலும் தேர் முன்னைவிட வேகமாக ஓடப்போவதில்லை. பழமொழியின் இந்த மறுபாதியை மறந்துவிடுவதால்தான் பழைய வண்டி வைத்திருக்கும் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். சிலர் இஞ்சினையே பறிகொடுக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களில் புது வண்டி வாங்க வசதியுள்ளவர்கள் எல்லோரும் அல்ல. சாலைக் கடைவீதிக்கு விடியற்காலையில் போகிற தொழிலாளியும், கரமனையிலிருந்து ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாவும் கைமாறி வந்த பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரையோ, பழைய அம்பாசடரையோ பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். அந்த வண்டிதான் சனிக்கிழமை மாலையில் மனைவி மக்களோடு நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கும் போகவேண்டும். ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரம். இருட்டிய பிறகு பாதி வழியில் இஞ்சின் இருமத் தொடங்கினால் என்ன பாடு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு முறை நின்றுவிட்டால், அடுத்த நாள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். “சூடான பிளக் போடு” என்பார் ஒருவர். “இரிடியம் பிளக் போடு, வண்டி பறக்கும்” என்பார் இன்னொருவர். “நம்பர் எதுவானால் என்ன, மரை பிடித்தால் போதும்” என்பார் மூன்றாமவர். இந்த மூன்று யோசனைகளையும் சற்று உரசிப் பார்ப்போம்.

பிளக் செய்யும் வேலை

கார்ப்ரேட்டர் கலந்து அனுப்பும் பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் நசுக்கப்படுகின்றன. பிஸ்டன் உச்சிக்கு வரும் தறுவாயில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பியிலிருந்து பக்கக் கம்பிக்குத் தாவுகிறது. அந்தப் பொறியில் கலவை பற்றிக்கொள்கிறது. உயர் அழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902-ம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் கம்பெனி உருவாக்கியது. அன்று முதல் இன்று வரை இந்த அடிப்படை மாறவில்லை. அதே பாஷ் கம்பெனியின் கூட்டுறவோடு 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான் நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் புழங்கிய ‘மைக்கோ’. 2008-ல் அது பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. ஆயினும் பழைய மெக்கானிக்குகளின் வாயில் இன்றும் ‘மைக்கோ பிளக்’தான்.

சேட்டக் டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் இஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி கேட்கும். நிமிஷத்துக்கு 4,500 சுற்று என்றால் விநாடிக்கு 75 பொறி. இத்தனையும் தவறாமல் விழுந்தால், இஞ்சினுக்கு இயல்பாக உள்ள சக்தி முழுவதும் சக்கரத்துக்கு வந்து சேரும். பத்துக்கு ஒன்று தவறினாலும் இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். ஆக, பிளக் புதிய சக்தி எதையும் தருவதில்லை. இருக்கிற சக்தி சிந்தாமல் காப்பதே அதன் வேலை. சரியான பிளக்கைக் கழற்றிவிட்டு அதைவிட விலை கூடிய பிளக்கைப் போட்டவருக்குப் பெரிய மாற்றம் தெரியாததற்கு இதுவே காரணம். கெட்டுப்போன பிளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டவருக்கோ வண்டி பறப்பதுபோல் இருக்கும். அந்தப் புகழ் புது பிளக்குக்கு உரியதல்ல. பழைய பிளக் அத்தனை நாள் தின்ற சக்தி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே.

சூடு பிளக்கும் குளிர் பிளக்கும்

பிளக்கின் உள்முனை ஏறக்குறைய 450 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். அதற்குக் கீழே இருந்தால் கரி தங்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஆகவே வோல்ட் பொறியாகத் தாவாமல் கரியின் வழியே கசிந்து விடும். மறுபக்கம், முனை 850, 900 டிகிரியைத் தாண்டினால் அது தணல்போல் கனன்று, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிவரும்போதே வெடிப்பு அதைக் கீழே தள்ளும். இது நீடித்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே முனையை வைத்திருப்பதற்காகத்தான் பிளக்குகளைச் சூட்டு வரிசைப்படி செய்கிறார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு இறங்க நேரமாகும். அது சூடு பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கிவிடும். அது குளிர் பிளக். பொறியின் பலத்துக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை.

நம் நகரத்தின் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பானூர், ஸ்டாச்சு, பாளையம், பட்டம் என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று, நாளுக்கு நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் பிளக் முனைக்கு வேண்டிய சூடு ஏறுவதே இல்லை. அதில் கரி படிவது இயற்கை. அதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் ஏறிக்கொண்டு நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போனால், 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் தாழ்ந்த கியரில் இஞ்சின் முக்கி முக்கி ஏறவேண்டும். அப்போது முனையின் சூடு உச்சத்துக்குப் போகும். ஊருக்குள் கரி பிடிக்கிறதே என்று இரண்டு படி சூடான பிளக்கைப் போட்டவர், பொன்முடி ஏற்றத்தில் பிஸ்டனுக்கு உலை வைத்துவிடுவார். பிளக்கில் மிச்சம் பிடித்தவர் போர் அடிக்கவும் பிஸ்டன் மாற்றவும் ஆயிரக்கணக்கில் கொடுக்க நேரிடும்.

கம்பெனி சிபாரிசு செய்யும் எண்ணே இரண்டு வகை ஓட்டத்துக்கும் பொருத்தமாகத் தேர்ந்தது. ஊருக்குள் மட்டுமே ஓடும் வண்டியானாலும் ஒரு படிக்கு மேல் விலகவேண்டாம். அதையும் கரிக்கான காரணத்தைத் தேடிப் பார்த்த பிறகே செய்யவேண்டும்.

எண்ணில் உள்ள பொறி

கடையில் போய் “ஒரு நம்பர் கூட்டிக் கொடுங்கள்” என்று கேட்பது பெரிய ஆபத்து. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர். அதாவது பி 6-ஐவிட பி 7 குளிர்ந்தது. பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு. டபிள்யூ 7-ஐவிட டபிள்யூ 8 சூடானது. சாம்பியனிலும் எண் கூடினால் சூடுதான். ஒரே வார்த்தை, ஒரு கம்பெனியில் ஒரு திசை, மற்றதில் எதிர்த் திசை.

பாஷிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தக் காலத்து மைக்கோ பிளக்கில் டபிள்யூ 145, டபிள்யூ 175, டபிள்யூ 225 என்று மூன்றிலக்க எண் இருந்தது. அதில் எண் கூடக்கூடக் குளிர். பிற்பாடு எண் முறையை மாற்றியபோது 145 என்பது 8 ஆயிற்று, 175 என்பது 7 ஆயிற்று, 225 என்பது 5 ஆயிற்று. பழைய வண்டியின் கையேட்டில் 175 என்று பார்த்தவர், புதுப் பெட்டியில் 7 என்று கண்டு மிரள வேண்டாம். சூட்டு வரிசையில் இரண்டும் ஒன்றே. கம்பெனி மாற்றி வாங்கும்போது மட்டும், எண்ணை மனக்கணக்காகப் போடாமல், கடையில் உள்ள ஒப்புமைப் பட்டியலைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மரை பிடித்தால் போதுமா?

போதாது. சேட்டக் பிளக்கும் பழைய 1,489 சி.சி. அம்பாசடர் பிளக்கும் 14 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டவை. பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும். ஆனால் சேட்டக் பிளக்கின் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர், அம்பாசடருக்கு 19 மில்லிமீட்டர். நீள மரை பிளக்கைக் குட்டை மரை ஹெட்டில் ஏற்றினால் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கலாம். இடிக்காமல் தப்பினாலும், வெளியே நீட்டிய மரையில் கரி இறுகி, கழற்றும்போது ஹெட்டின் அலுமினிய மரையையே உரித்துக்கொண்டு வரும். குட்டை பிளக்கை நீள மரை ஹெட்டில் போட்டால் பொறி பொந்துக்குள் விழும், கலவை சரியாகப் பற்றாது. காலியாக விட்ட மரையில் கரி அடைத்துக்கொள்ளும். பிறகு சரியான பிளக் உள்ளே போகாது. வாங்கும்முன் பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இடைவெளியின் கணக்கு

நடுக்கம்பிக்கும் பக்கக் கம்பிக்கும் இடையேயுள்ள இடைவெளியை பீலர் கேஜ் தகட்டால் அளந்து வைக்கவேண்டும். பாயிண்ட் வைத்த பழைய சேட்டக்குக்கு 0.6 மில்லிமீட்டர். அம்பாசடரின் பழைய பெட்ரோல் இஞ்சினுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கையேட்டில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பாகம் என்று இருக்கும்.

இடைவெளி கூடினால் பொறி நீளமாகும், எரிதலும் நன்றாகும் என்பது உண்மை. ஆனால் நீளப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள பிற்கால வண்டிகள் அதைத் தாங்கும். பாயிண்டும் கண்டென்சரும் பழைய காயிலும் உள்ள வண்டியில் அந்த வோல்ட் கிடைக்காது. சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகியதும் விட்டு விட்டு இருமும். புதிய காரின் 1 மில்லிமீட்டர் அளவைப் பழைய வண்டிக்கு வைப்பவர்களுக்கு நேர்வது இதுதான். பிளக் தேயத் தேய இடைவெளி தானாகவே கூடிக்கொண்டு போகும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரிடியம் பற்றி ஒரு வார்த்தை

இரிடியம் 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் உலோகம். சாதாரண பிளக்கின் நிக்கல் 1,455 டிகிரியில் உருகிவிடும். ஆகவே இரிடியம் முனையை ஊசிபோல் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிதாகச் செய்யலாம். மெல்லிய முனையிலிருந்து குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாவும், முனையும் நெடுநாள் தேயாது. பொறி பலவீனமான பழைய வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வது சற்று எளிதாகலாம். இவ்வளவும் உண்மையான நன்மைகள்.

ஆனால் விலை பல மடங்கு. எண்ணெய் குடிக்கும் பழைய இஞ்சினில் அந்த முனை தேய்வதற்கு முன்பே எண்ணெய்க் கரியில் முழுகிவிடும். கம்பிப் பிரஷால் தேய்த்தால் மெல்லிய முனை கெட்டுப்போகும். நெடுநாள் உழைக்கும் என்பதற்காகக் கொடுத்த பணம் ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகும். முதலில் இஞ்சினைச் சீர்செய்யுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் வாங்கிப் போடுங்கள்.

பிளக்கின் முகத்தைப் படியுங்கள்

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல், பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்த்தால் இஞ்சினின் நோய் தெரியும். சும்மா நிறுத்தி ஓடவிட்டுக் கழற்றினால் தவறான முகமே தெரியும். கழக்கூட்டம் பைபாஸ் போன்ற நீண்ட சாலையில் பத்து கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி, ஆறிய பின் கழற்றவேண்டும்.

விரலில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், சோக் மூடாமல் நிற்கிறது, ஏர் பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி நீண்ட தூரம் ஓடுவதே இல்லை என்று பொருள். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் எண்ணெய். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலில் 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் என்ற கணக்கை மீறி, “இஞ்சினுக்கு நல்லது” என்று கையளவாக ஊற்றுவதால் வருவது பாதி. கிராங்க் ஆயில் சீல் கிழிந்து கியர் ஆயில் உள்ளே போவதால் வருவது மீதி. நாலு ஸ்ட்ரோக் காரில் அது ரிங் தேய்மானம். இந்த நோய்களில் எதற்கும் சூடு பிளக் மருந்தாகாது.

நாலு சிலிண்டர் காரில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால், அந்த பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கறுப்பு பிளக்கோடு போனால் குற்றம் பிளக்கில். சிலிண்டரிலேயே தங்கினால் குற்றம் இஞ்சினில் அல்லது அதற்கு வரும் வயரில்.

மூக்கு சுண்ணாம்புபோல் வெளுத்து, முனையில் சிறு மணிகள் உருண்டிருந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று எச்சரிக்கை. ஆனால் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ‘செங்கல் நிறம் வரவேண்டும்’ என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துப் பாடம். 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. இதில் ஆரோக்கியமான பிளக்கும் முன்னைவிட வெளிறித்தான் தெரியும். இளம் சாம்பல் நிறத்தைக் கண்டு பயந்து குளிர் பிளக்குக்கு ஓடவேண்டாம்.

மேலும், 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்ப்ரேட்டர் வண்டியில் கலவை வறண்டுவிடும். லிட்டருக்குள்ள சக்தியும் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் சற்றுக் குறைந்ததற்கும், இழுக்கும்போது வண்டி தயங்குவதற்கும், மூக்கு வெளுத்ததற்கும் இது ஒரு காரணம். அதற்குப் பரிகாரம் கார்ப்ரேட்டரின் கலவையைச் சரிபார்ப்பதே. பிளக்கின் எண்ணை மாற்றினால் கலவை மாறாது.

மழையும் கடல் காற்றும்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த நகரத்துக்கு உண்டு. போதாக்குறைக்கு உப்பங்காற்று. பிளக்கின் வெளிப் பீங்கானில் அழுக்கும் ஈரமும் படிந்தால், மின்சாரம் உள்ளே தாவாமல் வெளிப்பக்கமாகவே இறங்கிவிடும். மழையில் நின்ற வண்டி வெயில் வந்ததும் தானே ஸ்டார்ட் ஆகும் மர்மம் இதுதான். வெளிப் பீங்கானை உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் மூடியில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். பிளக்கைவிட மலிவான அந்த மூடிக்காக எத்தனையோ நல்ல பிளக்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

புகைச் சான்றிதழ்

பொறி தவறும் ஒவ்வொரு தடவையும் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியே வெளியேறுகிறது. 2000-ம் ஆண்டு மார்ச் 31-க்குள் தயாரான இருசக்கர வண்டிகளுக்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9,000 பங்கு என்பது சட்ட வரம்பு. பொறி தவறும் வண்டி ஹைட்ரோகார்பனில் தோற்றுப்போகும். சோதனைக்குப் போகும் முன் பிளக்கைத் துடைத்து இடைவெளியை அளந்து, கொஞ்ச தூரம் ஓட்டி இஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு போவது நல்லது.

மாட்டும்போது கவனிக்கவேண்டியவை

இஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள மணலை ஊதித் துடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறும். புதிய பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். முரண்டு பிடித்தால் மரை ஏறவில்லை என்று பொருள். ஸ்பானரால் வழிக்குக் கொண்டுவர முயலவேண்டாம். வாஷர் உள்ள புது பிளக்கை, கை இறுக்கத்துக்குப் பிறகு ஸ்பானரால் அரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாக இறுக்கினால் போதும். பழையதைத் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் சிறிதளவு இறுக்கினாலே போதும். உப்புத்தாளால் தேய்த்தால் அதன் துகள் பீங்கான் இடுக்கில் தங்கும். மெல்லிய பிரஷும் பெட்ரோலுமே நல்லது. பீங்கானில் விரிசல் கண்டால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். சரியான எண்ணுள்ள பிளக் ஒன்றும், பிளக் ஸ்பானரும், ஒரு துணியும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

சேட்டக் என்ற பெயரில் 2020 முதல் விற்பனைக்கு வந்திருப்பது மின்சார ஸ்கூட்டர். அதற்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. 1972-ல் பிறந்த சேட்டக்கின் வம்சமும், 2014-ல் தயாரிப்பு நின்ற அம்பாசடரும் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆசைக்காக வைத்திருப்பவர்கள் அல்ல, பிழைப்புக்காக வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது கையேட்டில் உள்ள எண், சரியான மரை நீளம், சரியான இடைவெளி, இம்மூன்றும் பொருந்திய ஒரு சாதாரண பிளக். அதுவும் அடிக்கடி கறுக்கிறதென்றால், கடைக்காரரிடம் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் போங்கள்.